மொட்டைத் தலையோடு முதல் வரிசையில்

தைப்பூசம் முடிந்த மறுநாள் மொட்டைத் தலையோடு கல்லூரிக்குப் போனேன். ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கக் கல்லூரி அது. வாசல் காவலாளி என் அட்டையிலிருந்த படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்திருந்தது. பிழைத்தால் முடி தருகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். பிழைத்தார், கொடுத்தேன்.

முதல் வகுப்பு முடிவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. அழைத்தவர் மாணவர் ஒழுங்கைக் கவனித்த சிஸ்டர்; அவரும் தமிழர்தான், பீடோர் ஊர்க்காரர்.

“மொட்டை அடிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, தெரியாதாம்மா?”

“இது ஸ்டைலுக்கு அடிச்சது இல்ல சிஸ்டர். நேத்திக்கடன்.”

“சரி, முடி வளர்ற வரைக்கும் ஸ்கார்ஃப் கட்டிக்கோ.”

“சாமிக்குக் கொடுத்ததை நான் ஏன் மறைக்கணும்?”

துணி கட்டாமல் வகுப்புக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டில் அம்மாவும் சிஸ்டர் பக்கம்தான் பேசினார். “ஒரு துணிதானே லா! கட்டிட்டுப் போயேன்.” மருந்தில் கொட்டிய முடி அவருக்கு இன்னும் வளரவில்லை. கடைக்குப் போனால்கூடத் தலையை மூடிக்கொள்வார்.

“நீங்க கூச்சப்பட்டு மூடுறீங்கம்மா. எனக்குக் கூச்சமே இல்ல.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் காலையில் என் பையில் ஒரு பழைய சாரோங் கைலியை மடித்து வைத்தார். “தரையில சும்மா உக்காராத. ஜில்லுனு இருக்கும்.”

வகுப்புக்கு வெளியே, நடைபாதையில் அதை விரித்து உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கணக்கியல் நடத்திய சீன ஆசிரியை என் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, குரலையும் உயர்த்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்து நின்றார்.

“முட்டி வலிக்கலையா?”

“வலிக்குது.”

“அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம்?”

“நீங்களும் சாமிக்கு வார்த்தைப்பாடு கொடுத்தவங்க சிஸ்டர். அதை மறைச்சு வைன்னு யாராவது சொன்னா கேப்பீங்களா?”

அவர் திரும்பித் தன் அறைக்கு நடந்தார்.

திங்கட்கிழமை, துணி கட்டாமலே வகுப்புக்குள் போகலாம் என்றார்கள். ஆனால் விதி மாறவில்லை. கீழ்ப்படியாததற்காக மாணவர் மன்றத்திலிருந்து என்னை நீக்கினார்கள். சட்டையில் குத்தியிருந்த மன்றச் சின்னத்தைக் கழற்றிச் சிஸ்டரின் மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்; கேட்கவில்லை.

எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவள் நான். அன்று நேராக முதல் வரிசைக்குப் போனேன். பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நன்றாகப் பார்க்கட்டும்.