மாஸ்டர் பொம்மையின் கண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் எங்கள் அம்மா பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தாள். சூளையில் வெந்து வரும் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. அங்கே பளபளப்புப் பூச்சு கலக்க ஒரு சீனக்காரர் வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் செருப்புக் கடை வைத்திருந்த தன் அப்பாவிடம் சண்டை வித்தை கற்றவர், பிறகு மெட்ராசில் இருந்தவர் என்பார்கள். தமிழ் நன்றாகவே பேசுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலடி மைதானத்தில் பையன்களுக்கு வித்தை கற்றுக்கொடுப்பார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

என் மாமா, அம்மாவின் தம்பி, அவர் பின்னாலேயே சுற்றினார். மாஸ்டர் மெட்ராசில் பள்ளி தொடங்கப்போகிறார், ஒரே ஒரு சீடனைக் கூட்டிப்போவார் என்று பேச்சு வந்ததும் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. முஷ்டியை உள்ளங்கையில் வைத்து மாஸ்டர் வணங்குகிற மாதிரியே ஒரு பொம்மை செய்தார். ஆயுத பூஜையன்று அதைக் கொடுத்துக் கேட்டுவிடுவது என்று எண்ணம். கண் மட்டும் அம்மா எழுதினாள்.

பூஜையன்று அப்பாவும் நானும் கம்பெனிக்குப் போயிருந்தோம். சந்தனம் வைத்த அச்சுகளுக்கு நடுவே இருந்த பொம்மையைப் பார்த்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

"மாஸ்டரு தூங்கறாருடா. பொரி குடுக்கறப்ப எழுப்புங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. கண் எழுதியது யார் என்று கேட்டார். அக்கா என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே. அம்மா தூணோடு தூணாக, தலை குனிந்து நின்றாள்.

"என் மூஞ்சப் பாத்து எழுதினீங்களாம்மா?"

"பாத்ததில்லீங்க. அந்நிய ஆம்பள மூஞ்ச எப்டிங்க பாக்கறது? சீனாக்காரவங்க கண்ணு கோடாட்டம் இருக்கும்னு சொன்னாங்க, எழுதிட்டேன்."

மறுபடி சிரிப்பு. அங்கேயே நின்றிருந்த அப்பாவின் முகம் கறுத்தது.

மாஸ்டர் அம்மாவுக்கு எதிரே வந்தார். மைதானத்தில் செய்வது போல, முதுகு வளையாமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். குனிந்திருந்த அம்மாவின் முகத்துக்கும் கீழே அவர் முகம் போயிற்று.

"இப்பப் பாருங்க. நிமிர வேணாம்."

அம்மா பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மைதானத்தில் கீழே போனவன் தோற்றவன். அவ்வளவு பெரிய மாஸ்டர் ஊர் பார்க்க என் அம்மாவிடம் தோற்றுவிட்டாரே என்று பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினேன்.

அன்று மாலை அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் கோடுகளைத் துடைத்துவிட்டு வேறு கண் எழுதினாள். சின்னக் கண்தான், ஆனால் திறந்திருந்தது. மாமா வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே மாஸ்டர் அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். பொம்மையும் கூடப் போயிற்று.

அம்மா எழுதிய கடைசிக் கண் அதுதான். "நாளையிலேருந்து வூட்டோட கெட" என்று அப்பா சொல்லிவிட்டார். எல்லாம் அந்தச் சீனக்காரரால் வந்த தலைகுனிவு என்று தெருவில் பேசினார்கள். நானும் அப்படியே நம்பினேன். அவர் எதற்காகக் கீழே இறங்கினார் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

மாமாவின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மாஸ்டர் கல்கத்தாவிலேயே பிறந்தவரா, கப்பலில் வந்தவரா என்று விசாரித்துத் திருத்திவிடுங்கள். பொம்மை இன்னும் இருந்தால் கண் கறுப்பா, பழுப்பா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். பொம்மையில் பார்த்த நிறம் எனக்கு ஞாபகமில்லை. நானும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.