செல்வத்தின் சைக்கிள் மணி

இன்று காலை பாடி மேம்பாலத்தில் தனியாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மூன்று முறை மணி அடித்தது.

அந்த மணி எனக்குத் தெரியும்.

எங்கள் சைக்கிள் குழுவில் எப்போதும் கடைசியாக வருபவன் செல்வம். லாரி நெருங்கினால் மூன்று முறை மணியடிப்பான். "ஓரம் போ மாமே, நான் பாத்துகினு வரேன்" என்பான். அவனை நம்பித்தான் நான் மெயின் ரோட்டுக்கே வந்தேன்.

மாரடைப்பில் அவன் போய் இரண்டு மாதமாகிறது.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பழக்கத்தில் ஓரம் ஒதுங்கினேன். லாரி உரசாத குறையாகக் கடந்தது.

பிறகுதான் திரும்பினேன். அவன் சைக்கிளில் அவன் மனைவி கலா.

"இன்னாண்ணா, பேயப் பாத்த மாரி முழிக்கிறீங்க? லாரி வந்துச்சு, அடிச்சேன். அவரு அப்டித்தான சொல்லிக் குடுத்தாரு?"



ஞாயிறு குழுவோடு சைக்கிள் மிதிக்க யார் யார் வருகிறீர்கள்? கடைசி இடம் மட்டும் காலியில்லை.