கரையில் துவாயோடு நின்றவள்

வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று சொல்வதில் பாதிக்கு மேல் எனக்குத் தண்டனையாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரரைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். மழை பெய்தால் நடக்கப் போவார். சனிக்கிழமைகளில் மதுக்கடையொன்றில் சுவரில் தொங்கும் பலகைக்குச் சின்ன அம்பு எறிவார். பனி கரையுமுன்பே தோட்டத்தில் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறுவார். இவ்வளவும் போதாதென்று ஞாயிறு காலைகளில், ரொக்ஸ்பரோவில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஓடும் ஆற்றில் இறங்கிக் குளிர்ந்த தண்ணீருக்குள் நிற்பார். கூடவே ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை ஒருத்தி, வேறு இரண்டு பேர். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்துவரை தண்ணீர், முகத்தில் சிரிப்பு. ஊரில் அவருடைய ஆட்கள் டிசம்பர் குளிரில் நத்தார் தினத்தன்றுகூடக் கடலில் இறங்குவார்களாம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். விளையாட்டை அவர்கள் விளையாட்டாகச் செய்யவில்லை. அயர்லாந்துக்காரர் வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவார். எத்தனை பாகையோ அத்தனை நிமிடம்தான் உள்ளே நிற்கலாம். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கரையில் துவாயோடு ஒருவர் நிற்கவேண்டும். இறங்குமுன் அயர்லாந்துக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "யாருக்காவது இருதய வருத்தம் இருக்கிறதா?"

என் கணவருக்கு இருந்தது. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் பாரம் தூக்கியவர், இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலைத்தளத்தில் அப்படியே குந்திவிட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நாங்கள் சனத்துக்குச் சொன்னது, ஆள் ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று. மருந்துக் குளிசைகள் விற்றமின் போத்தலுக்குள் போயின. நானேதான் மாற்றிப் போட்டேன்.

எல்லாம் மகளுக்காக. அவளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தோம்.

"பெட்டையின்ர தகப்பனுக்கு நெஞ்சு வருத்தமெண்டா, பரம்பரை வருத்தமெண்டு சொல்லிப்போடுவினம்," என்றார் அவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே. "விசயம் இந்த நாலு சுவருக்குள்ள இருக்கட்டும்."

நானும் ஓம் என்றேன். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

போன வருடம் பக்கத்து நகரமான கர்க்லாண்டில் ஒரு நல்ல இடம் சரிவந்தது. பெடியன் பொறியியலாளன். தாய் தகப்பன் மரியாதையான ஆட்கள். மகளும் பெடியனும் தாங்களாகவே கதைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணையை ஆஸ்பத்திரியில கண்டதெண்டு ஆரோ சொல்லிச்சினம். என்ன வருத்தம்?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர், ஞாயிற்றுக்கிழமை தானும் ஆற்றில் இறங்கப் போவதாகச் சொன்னார்.

"உங்களுக்கென்ன விசரே?"

"இஞ்சரும், ஐஸ் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கிறவனை ஆர் வருத்தக்காரன் எண்டு சொல்லுவினம்?"

டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ என்றேன். கேட்டால் வேண்டாமென்றுதான் சொல்லுவார், அதனால் கேட்கவில்லை என்றார். அந்த மனுசனோடு வாதாடி வென்றவர் யாருமில்லை.

முதல் ஞாயிறு தண்ணீர் பதினைந்து பாகை. அயர்லாந்துக்காரர் கேள்வியைக் கேட்டதும் என் கணவர் நெஞ்சில் தட்டிக் காட்டிச் சிரித்தார். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் நீந்திய தாராக்களைப் பார்த்தேன். அவர் தண்ணீருக்குள் நின்று கைகாட்டுகிற படத்தை நான்தான் எடுத்து எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். சனம் வியந்து வியந்து பதில் போட்டது. கோயில்காரி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வதந்தி செத்தது. தண்ணீர் மட்டும் ஒவ்வொரு கிழமையும் குளிர்ந்துகொண்டே போனது. பதினொன்று, எட்டு, ஆறு. மரங்கள் மொட்டையாகின. கரையில் நிற்கிற எனக்கே சப்பாத்துக்குள் விரல்கள் மரத்துப் போயின. அவர் ஏறி வரும்போது உதடு சாம்பல் நிறத்தில் இருக்கும், சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட வேண்டும். வீட்டுப் படியில் ஏறும்போது பாதியில் நின்று, கூரை விளக்கில் தூசி இருக்கிறது என்பார். ஒவ்வொரு முறையும் அதே விளக்கு, அதே தூசி. எனக்கு விளங்காமலா? சனிக்கிழமைகளில் எனக்கு நித்திரை போய்விட்டது. வானொலியில் குளிர் கூடும் என்று சொன்னால் உடனே நிறுத்திவிடுவேன்.

"காணும், விடுங்கோ," என்றேன்.

"கலியாண எழுத்து முடியட்டும். பேந்து அந்த ஆத்துப் பக்கமே போகன்."

பதிவாளர் முன் கையெழுத்து வைக்கிற அந்த எழுத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. கார்த்திகை முடிகிற நேரம். அந்த ஞாயிறு மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் கர்க்லாண்டிலிருந்து வந்திருந்தார்கள். என் கணவர்தான் கூப்பிட்டது. "ஒருக்கா வந்து பாருங்கோவன்," என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். கரையோரத்தில் கண்ணாடி போல மெல்லிய ஐஸ் பிடித்திருந்தது. அயர்லாந்துக்காரர் குதிக்காலால் அதை உடைத்துவிட்டுக் கயிற்றை இறக்கினார். மூன்று பாகை.

அவர் சிரிக்கவில்லை. "இன்றைக்கு எல்லோரிடமும் மறுபடி கேட்கிறேன். கரையில் நிற்பவர்களும் பதில் சொல்லவேண்டும். இருதயம், இரத்த அழுத்தம், ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் கணவர் இல்லை என்றார். அயர்லாந்துக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய் நின்றாள். தகப்பன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றுமில்லை," என்றேன். அதுவரை அந்தக் கேள்விக்கு நான் வாய் திறந்து பொய் சொன்னதில்லை.

என் கணவர் இறங்கினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஒரு நிமிடம் என்று ஆசிரியை சத்தமாகச் சொன்னாள். அவர் எங்களைப் பார்த்துக் கைகாட்டினார். அந்தக் கை பாதியில் நின்றது. ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்துகிறவர் மாதிரி முகம் சுருங்கியது. அயர்லாந்துக்காரர் பாய்ந்து போய் அவருடைய கமக்கட்டுக்குள் கைகொடுத்து இழுத்தபோது தலை ஏற்கெனவே சரிந்திருந்தது.

அம்புலன்ஸில் வந்த பிள்ளை முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்டாள். என்ன மருந்து எடுக்கிறார்? முன்பு இருதய வருத்தம் இருந்ததா? நாலு குளிசையின் பெயரும் எனக்குப் பாடம். ஆனால் வாய் திறக்குமுன் நான் திரும்பி, சம்பந்தி எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை. இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மணித்தியாலம்கூட அவர் உயிரோடு இருக்கவில்லை. டொக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனதும் நான் மாப்பிள்ளையின் தாயின் கையைப் பிடித்தேன். அழுகைக்கு நடுவே, பொய் சொல்லிப்போட்டம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன்.

அவள் என் கையை விடவில்லை. "எங்களுக்குத் தெரியும்," என்றாள். "உங்கட மகள் எங்கட மகனிட்ட முதலே சொல்லிப்போட்டா, உங்களுக்குத் தெரிஞ்சா ஏசுவியள் எண்டு மறைச்சவ. அவன் எங்களுக்கும் சொன்னவன். அதில என்ன கிடக்கு எண்டு நாங்கள் விட்டிட்டம். நீங்களாச் சொல்லாமல் நாங்கள் கேக்கிறது மரியாதையில்லை எண்டுதான் பேசாமல் நிண்டனாங்கள். ஆத்தங்கரையிலயும்."

தகப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அயர்லாந்துக்காரர் எதிரே கதிரையில் இருந்தார். உடுப்பு மாற்றாமல் மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார், காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. எழுபது வயது மனுசன், வாய் நடுங்க நடுங்க என்னிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் கேட்டேன்தானே? விளங்குகிற மாதிரிக் கேட்டேனா?"

"கேட்டீர்கள்," என்றேன். "எங்கள் எல்லோரிடமும் கேட்டீர்கள். அவருடைய இருதய வருத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்."