எல்லப்பன் வைத்த பொட்டு

புதுப்பட்டினத்துக் கிராம உதவியாளர் எல்லப்பனுக்கு எதையும் பொட்டு வைக்காமல் தொடங்கத் தெரியாது. தாலுகா ஆபீஸ் ஜீப், ஜெராக்ஸ் மிஷின், புது இன்வெர்ட்டர் எல்லாம் அவர் கையால் சந்தனமும் குங்குமமும் கண்டவைதான். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அந்தக் கர்வம் மனுஷனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்படிப்பட்டவர் தேர்தலன்று வாக்குச்சாவடிக்குள் சும்மா இருப்பாரா? தலைமை அலுவலராக வந்திருந்த ஷாரோன் டீச்சர் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அட்டைத் தடுப்புக்குள் நுழைந்தார். ஓட்டு மிஷினுக்குப் பயபக்தியோடு ஒரு பொட்டு வைத்தார். வைத்தது எங்கே? முதல் வேட்பாளரின் பட்டனுக்குப் பக்கத்தில்!

டீச்சர் ஆடிப்போனார். "அண்ணா, இப்ப ஏஜென்ட்டுங்க வந்துருவாங்க. இவருக்குப் போடுன்னு அடையாளம் வெச்ச மாதிரி இல்ல இருக்கு? சஸ்பெண்ட் பண்ணிருவாங்கண்ணா!"

எல்லப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சாமி குத்தம் ஆவக்கூடாதுன்னு வெச்சேன் டீச்சர். இப்ப ஆபீஸ் குத்தமா பூட்ச்சே!"

துடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்தார். டீச்சர் விடவில்லை. ஒளித்தால்தான் வம்பு என்று, ஏஜென்ட்டுகள் வந்ததும் கூப்பிட்டுக் காட்டி, நடந்ததைச் சொல்லி, அவர்கள் கண்முன்னே துடைக்கச் சொன்னார். இரண்டாவது வேட்பாளரின் ஏஜென்ட் முனிசாமிதான் முதலில் சிரித்தார்.

"நம்ம அண்ணாத்த தான? போன வாரம் எங்க வூட்டு கிரைண்டருக்கே பொட்டு வெச்சாரு. நீங்க ஆரம்பிங்க மேடம்."

எல்லப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது டீச்சர் சொன்னார்: "என் தங்கச்சி அமெரிக்காவுல சர்ச் ஹால்லதான் ஓட்டு போட்டா. அங்கயும் மதம் வேற, கவர்மென்ட் வேறன்னுதான் சட்டம்."

"சர்ச்சுலயா? அப்ப ஏசு பாத்துகினு இருப்பாரே?"

"பாக்கட்டும். மிஷினாண்ட வரக்கூடாது, அவ்ளோதான்." டீச்சர் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சிலுவை கோத்த சங்கிலி காலையிலேயே கைப்பைக்குள் போயிருந்தது.

எல்லப்பன் மடியிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து நீட்டினார். "இதையும் அதுகூட வெச்சுக்கோங்க டீச்சர்."

சாயங்காலம் சீல் வைத்த பெட்டிகள் லாரியில் ஏறின. ஒரு குறையும் இல்லாமல் தேர்தல் முடிந்ததில் எல்லப்பனுக்கு மனசு நிறைந்திருந்தது. கைதான் பரபரத்தது.

"டீச்சர், இந்த லாரி கவர்மென்ட்டுதா?"

"இல்லண்ணா, வாடகை லாரி."

"அப்ப அந்தச் சிமிழ எடுங்க."