அம்மா லாட்ஜுக்குப் போன நாள்

விடியற்காலையில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தால் ஐந்தாறு சோப்புகளின் வாசனை ஒரேயடியாக மூக்கில் ஏறும். சந்தனம், வேப்பிலை, எலுமிச்சை, மருந்துக்கடை நெடியடிக்கும் சிவப்புச் சோப்பு ஒன்று, இன்ன வாசனை என்று சொல்லவே முடியாத பச்சைச் சோப்பு ஒன்று என்று ஈரம் காயாத சுவர்த் திட்டில் வரிசையாக இருக்கும். நான் தூங்கிப்போன பிறகு எத்தனை குடும்பம் வந்து இறங்கியிருக்கிறது என்பதை அந்த வரிசையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. எங்களுக்குக் கொடுத்திருந்த "குவார்ட்டர்ஸ்" என்பது ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி, கொல்லைப்பக்கம் குளியலறை, அவ்வளவுதான். அதில் அப்பா, அம்மா, நான் ஆக மூன்று பேர் குடியிருப்பதாக ரயில்வே நம்பிக்கொண்டிருந்தது. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் தெரியும், திருச்சி தமிழ்நாட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது; வடக்கேயிருந்து தெற்கே போகிற சொந்தமும், தெற்கேயிருந்து வடக்கே போகிற சொந்தமும், எங்கேயும் போகாமல் சும்மா இருந்த சொந்தமும்கூட, "திருச்சியில இறங்கி அப்படியே ஸ்ரீரங்கத்தை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்று கிளம்பிவிடும். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "நம்மள நம்பி வர்றாங்க. ஒரு வாய் சோத்துல நாம குறைஞ்சா போயிடுவோம்?" என்பார். சோறு வடிக்கிறவள் அம்மா. "ஊரு நடுவுல இருக்கறது என் குத்தமா?" என்று அவள் உலை அரிசியைப் பார்த்துக் கேட்பாள்.

ஒர்க்‌ஷாப் "சங்கு" ஊதி, ஆட்கள் சைக்கிளில் கும்பலாகத் திரும்பும்போது, அப்பாவின் கூட்டாளிகள் எங்கள் வாசலில் மணியடித்து, "என்ன மாப்ளே, லாட்ஜுல இன்னிக்கு ரூம் காலி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பா சிரிப்பார். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. பத்து வயதில் இந்த ஊரின் "ரவுண்டு" எனக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் சமயபுரம், திரும்பும் வழியில் ஸ்ரீரங்கம், அங்கே நடை சாத்துவதற்குள் தரிசனம், மதியம் கட்டுச்சோறு, பிறகு திருவானைக்காவல், வெயில் தாழ்ந்ததும் மலைக்கோட்டை, இறங்கி வந்தால் சின்னக்கடை வீதி. ஆள் இன்னும் ஒருநாள் தங்குவதாக இருந்தால் முக்கொம்போ கல்லணையோ. ராஜகோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது தலைத்துண்டு விழாதபடி பெரியவர்களை முன்கூட்டியே எச்சரிப்பேன். மலைக்கோட்டையில் நானூற்றுச் சொச்சம் படிகள் என்று நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், எண்ணிக்கொண்டே ஏறுவார்கள், உச்சிக்குப் போனதும் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். சாமி கும்பிட எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் பாத்திரக் கடையில் நிற்பார்கள். எனக்கு அந்த மனிதர்களை ரொம்பப் பிடிக்கும். அறியாத ஊரில், ஒரு சின்னப் பெண்ணின் பேச்சைக் கேட்டு நடக்கிற பெரியவர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

அந்த ரவுண்டில் அம்மா ஒருநாளும் வந்ததில்லை. காலையில் புளியோதரை கட்டிக்கொடுத்து அனுப்பியவள், சாயங்காலம் களைத்து வருகிறவர்களுக்குச் சுடச்சுட ரசம் வைக்க வீட்டில் இருந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் அப்பாவோடு மலைக்கோட்டை ஏறப்போனவள், நான் வயிற்றில் இருந்ததால் தாயுமானவர் சன்னதியோடு திரும்பிவிட்டாளாம். அதற்குப் பிறகு உச்சிப் பிள்ளையாரை அவள் பஸ் ஜன்னலிலிருந்து கும்பிட்டதோடு சரி. அப்போது இது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், விழுப்புரத்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகளுக்குப் பழனியில் மாப்பிள்ளை நிச்சயம் செய்தாள். கல்யாணத்துக்கு முன் ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஆசைப்பட்டார்கள். திருச்சியில் தம்பி இருக்கும்போது கவலை என்ன என்று அத்தை அவர்களை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, முதல்நாளே வந்து இறங்கிவிட்டாள். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. சம்பந்தி வீட்டாரைக் கொல்லைப்புறக் குளியலறைக்கு வரிசையில் நிற்க வைப்பதா? யோசித்து யோசித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நல்ல லாட்ஜில் அவர்களுக்காக ஓர் அறை எடுத்து, சாவியோடு வந்துவிட்டார். நல்லதைச் செய்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

பழனிக்காரர்கள் வந்தார்கள், கைகால் கழுவினார்கள், மோர் குடித்தார்கள். அப்பா எழுந்து நின்று, ஃபேன், ஒட்டினாற்போலவே பாத்ரூம், பெல்லை அழுத்தினால் காபி, ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை என்று அறையின் அருமைகளை அடுக்கினார். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்க வீட்டுல எங்களுக்கு இடமில்லைங்களா?"

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்க வைப்பது அவமானம் என்று ஊருக்கே தெரியும், அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். மரியாதை செய்கிற வேகத்தில் மறந்துபோய்விட்டார். "ஐயோ, அப்படியில்லைங்க, உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான்..." என்று தடுமாறி, "இப்பவே போய்ச் சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்று செருப்பைத் தேடினார்.

"குடுக்காதீங்க" என்றது அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல். அம்மா நின்றிருந்தாள். "நான் போய் இருக்கேன்."

அத்தை அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. எங்கேயோ இருக்கறவங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போற உச்சிப் பிள்ளையாரை நான் இன்னும் பார்க்கலை. ஒரே ஒரு நாள், யாராச்சும் எனக்குக் காபி கொண்டாந்து குடுத்தா குடிச்சிட்டு, மலை ஏறிட்டு வந்துடறேன். நாளைக்கு மத்தியானம் உலை வைக்க இங்க இருப்பேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை.

"உனக்குப் பித்தா லலிதா? வந்தவங்களை வீட்டுல விட்டுட்டு வீட்டுக்காரி லாட்ஜுக்குப் போவாளா? என் பொண்ணு கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?" என்று அத்தை பொரிந்தாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது; இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சம்பந்தம் முறிந்திருக்கிறது. அப்பா சுவரைப் பார்த்தார். அம்மாவுக்காக நான் பயந்தது அன்றுதான் முதல் தடவை.

அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா மெல்ல எழுந்தார். கனத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. நேரே அம்மாவிடம் போய், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பழனியில வாழ்க்கைப்பட்டவளுக்கு இது தெரியாதுங்களா? தைப்பூசம் வந்தா எங்க வீட்டுல அடுப்பு அணையாது. முப்பது வருஷமா அடிவாரத்துல இருக்கேன், நெனச்சப்ப மலை ஏறினதில்லை. அரிசி எங்க, பருப்பு எங்கன்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்புங்க தங்கச்சி" என்றார்.

இப்போது அம்மாவுக்குத்தான் கால் தயங்கியது. "ஐயையோ, நீங்க போய் சமைக்கறதா, வேண்டாங்க, ஏதோ பேசிட்டேன்" என்று பின்வாங்கி அடுப்படிக்குள் போகத் திரும்பினாள். போனால் அவ்வளவுதான், இனி எந்தக் காலத்திலும் கேட்கமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கொடியில் கிடந்த அம்மாவின் புடவை ஒன்றையும் என் பாவாடை ஒன்றையும் எடுத்து ஒயர்கூடையில் திணித்து, "வா, பஸ் ஏத்தி விடறேன்" என்றார். அக்காவின் முகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிய அந்த மனிதர் அம்மாவுக்காகச் செய்த காரியங்களை அடுக்கினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கூடைதான்.

லாட்ஜ் அறையில் அம்மா வெகுநேரம் கட்டிலின் ஓரத்தில், பஸ்ஸில் பாதி இடம் கிடைத்தவளைப்போல உட்கார்ந்திருந்தாள். பெல்லை அழுத்தக் கூச்சப்பட்டாள். நான் அழுத்தினேன். அப்பா வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, எங்கள் இருவருக்கும் டம்ளரில் ஊற்றி, "வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்று கேட்டார். அம்மா பதறி எழுந்து நின்று, "நீங்க குடிச்சீங்களா?" என்றாள். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்து, "குடிச்சிட்டேம்மா, நீங்க சூடா குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அந்தக் காபியை மிக மெதுவாகக் குடித்தாள். குடித்து முடித்ததும் இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் வந்தாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே மலைக்கோட்டைக்குப் போனோம். வழக்கமாகச் சொல்வதை எல்லாம் நான் அவளுக்கும் சொன்னேன், அவளும் வெளியூர்க்காரியாகவே மாறி, "அப்படியா?" "இது யாரு கட்டினது?" "இங்கே வழுக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தாயுமானவர் சன்னதி வந்ததும் நின்று, "இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் காற்று அவள் புடவையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து, காவிரியையும் அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையும் பார்த்தவள், சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், பொன்மலை இருக்கும் திசையில் கண்ணை இடுக்கித் தேடினாள். இங்கே வந்தும் வீட்டு நினைப்பா என்று எனக்குக் கோபமாக வந்தது.

"நம்ம வீடு தெரியுதாடி?"

"தெரியலம்மா."

"நல்லவேளை" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொள்ளாமல், அங்கே நின்ற நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

சொன்னபடி மத்தியானத்துக்குள் வீடு திரும்பினோம். பழனி அம்மா சமைத்து முடித்திருந்தார். அம்மாவை உட்கார வைத்து இலை போட்டுப் பரிமாறினார். சாம்பாரில் காரம் கொஞ்சம் தூக்கல். அம்மா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அத்தை மட்டும் உயிரோடு இருந்தவரைக்கும் அம்மாவை "லாட்ஜுக்காரி" என்றே கூப்பிட்டாள். போகப் போக அதில் கோபம் தேய்ந்து செல்லம் ஏறிவிட்டது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு திருச்சியிலேயே காட்டூரில் வீடு கட்டினார்கள். விருந்தாளிகளுக்கென்றே மாடியில் ஓர் அறை, அதனோடு ஒட்டிய குளியலறை, வெந்நீருக்கு மின்சார ஹீட்டர். கட்டி முடித்த இத்தனை வருஷத்தில் அதில் தங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொந்தக்காரர்கள் இப்போதும் திருச்சிக்கு வருகிறார்கள், முன்னைவிட அதிகமாகவே வருகிறார்கள். செல்போனில் அறை பார்த்து, காரில் வந்து இறங்கி, ரவுண்டை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போன மாதம் அத்தையின் பேத்தி, மலைக்கோட்டை உச்சியில் குடும்பத்தோடு எடுத்த படத்தை ஊர் திரும்பிய பிறகு அனுப்பியிருந்தாள், "உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான் சொல்லலை" என்ற வரியோடு. அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு குழந்தையும் யார் சாயல் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்பாதான் சொன்னார்.

அவர்களை நான் எந்த வாயால் குறை சொல்வது? அலுவலக வேலையாக இந்த வாரம் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்தவள், அலுவலகமே எடுத்துக் கொடுத்த ஹோட்டல் அறையில் இறங்கிக்கொண்டு, "உனக்கு எதுக்கும்மா சிரமம், வேலை முடிஞ்சதும் வந்து எட்டிப் பார்க்கறேன்" என்று போனில் சொன்னேன். ஹோட்டல் அறையின் அருமையை என் அம்மாவைவிட யார் அறிவார்கள் என்ற தைரியம் எனக்கு.

"அன்னிக்கு நான் போனது, திரும்பி வர்றப்ப வீடு நெறைய ஆளு இருந்ததாலதான்டி. யாரும் இல்லாத வீடா இருந்தா நான் ஏன் லாட்ஜுக்குப் போறேன்?" என்றாள்.

அன்று சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டுக் காட்டூருக்குப் போனேன். முட்டிவலியோடு மாடிப்படி ஏறி அம்மா மெத்தைக்கு உறை மாற்றியிருந்தாள், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். என் பையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, "எத்தனை நாள் இருப்பே?" என்று கேட்டாள். குவார்ட்டர்ஸுக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரிடமும் அவள் கேட்டிராத கேள்வி அது. வந்தவர்கள் மனம் கோணும் என்பாள். என்னிடம் கேட்டாள். திரும்பிப்போகிற டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. "பார்க்கலாம்மா" என்றேன். மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிட்டேன்.