தும்மினது மட்டும் ஊருக்குத் தெரியும்

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையைப் பிரிச்சதும் ஒரு செம்மண் தூசு கிளம்பும் பாருங்க... மூக்குல ஏறினா லேசுல இறங்காது. திண்டிவனம் மண்டில மூட்டை தூக்கிக்கினு இருந்த காலம். அந்தத் தூசோடதான் சாயந்திரம் ஃபுட்பால் ஆடப் போவேன்.

நான் பேக், பந்து கோலுக்குள்ள போகாம தடுக்கற ஆளு. ஓடி கோல் போடற வேகம் கிடையாது, தள்ளினா நகராத உடம்பு. கோல் போஸ்ட் முன்னாடி நட்டு வெச்சிட்டானுங்க.

விழுப்புரம் டீமோட மேட்ச். அவங்க சென்டர்ல பனைமரம் மாதிரி ஒருத்தன். மேட்ச் பூரா அவனை ஒட்டிக்கினே திரிஞ்சேன். தலையால முட்டினேன், காலைக் குறுக்க விட்டேன், முட்டியெல்லாம் சிராய்ப்பு... ஒரு பந்து உள்ள போகல.

கடைசி நிமிஷம். பந்து நேரா என் காலுக்கு வருது...

அச்ச்!

கண்ணைத் திறந்தா பந்து கோலுக்குள்ள கிடக்குது.

எங்க கீப்பர் பாபு தலையில கை வெச்சிக்கினு, "டேய், தும்மறதுக்கு நேரங்காலம் இல்லியாடா உனக்கு?"ன்னான். கிரவுண்டே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

அதுக்கப்புறம் ஆடப் போகல. கேட்டவங்ககிட்ட "மண்டில வேலை ஜாஸ்தி"ன்னேன்.

இன்னிக்கும் கல்யாண வீட்டுல பாபு என்னைக் காட்டி, "தும்மி கோல் விட்ட ஆளு இவருதான்"னு சொல்லித்தான் அறிமுகம் பண்றான். தடுத்த பந்தைப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான்.

இப்ப என் பொண்ணு மெல்போர்ன்ல வேலை பாக்கறா. அங்க ஒரு சின்ன டீம்ல ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடறா. முட்டை மாதிரி பந்து, கையால பிடிக்கலாம், உதைக்கலாம்... எனக்குப் பாதி விளங்கல. அவ நிக்கற இடம் மட்டும் பார்த்ததும் விளங்கிடுச்சு. ஃபுல் பேக். போஸ்ட் முன்னாடி, எதிர் டீம்லயே உயரமான பொண்ணை ஒட்டிக்கினு.

"கைக்கு வர்ற பந்தைப் பிடிக்காம ஏம்மா குத்தித் தள்ற?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"பிடிக்கப் போய் நழுவிச்சுன்னா அவ பிடிச்சுடுவாப்பா. பிடிச்சவளை யாரும் தடுக்கக் கூடாது, நிதானமா உதைச்சு கோல் போட்டுடுவா. குத்திட்டா யாருக்கும் இல்ல. என் வேலை அவ்ளோதான்."

யாருக்கும் இல்லாம பண்றது... அப்பனுக்குத் தப்பாத உத்தியோகம்.

போன சனிக்கிழமை, மேட்ச் முடியற நேரம், எதிர் டீம்ல இவ ஒட்டிக்கினு நின்ன உயரமான பொண்ணு இவ தோள் மேல ஏறி பந்தைப் பிடிச்சிட்டா. கோல். தோத்துட்டாங்க.

வீடியோ அனுப்பியிருந்தா. எங்க காலத்துல அதெல்லாம் ஏது? இப்ப மாடிப்படி ஏறினாலே என் முட்டி பேசுது. படுத்துக்கினே முழுசா பார்த்தேன். எத்தனை பந்தைக் குத்தித் தள்ளியிருக்கா... பின்னாடி ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கீழ கமென்ட் போட்டவங்க எல்லாம் அந்தக் கடைசி பந்தைப் பத்தியேதான்.

மறுநாள் காலையில போன் பண்ணினா. குரல்ல ஜீவனே இல்ல.

"இனிமே ஆடப் போகலப்பா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி."

"தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் குடும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டேன்.

சொல்ல நினைச்சது வேற...

எனக்கும் அன்னிக்கு மண்டில அவ்ளோ ஒண்ணும் வேலை இல்லம்மா.