அத்தையின் முட்டி வலி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு புதிய சட்டம் வந்தது. அம்மாவைத் தனியாக விடக் கூடாது. சட்டம் போட்டவள் அத்தை, அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள், முகத்தைக் கழுவிக்கொண்டு என்னை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"இத பாரு, அம்மா எங்க போனாலும் நீ பின்னாடியே போவணும். குளிக்கப் போனாக்கூட வெளிய நின்னு பேசிகினே இரு. புரியுதா?"

எதற்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மயக்கம் வந்து விழுந்தால் யார் பிடிப்பது என்றாள். விழுகிற அம்மாவை நான் எப்படிப் பிடிப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களுக்கான வேலை ஒன்று எனக்குக் கிடைத்துவிட்ட பெருமைதான் இருந்தது.

அந்த வருஷம் தை மாதத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அப்பா என்னைத் தூக்கிக் காட்டியபோது எனக்குத் தெரிந்தது சிவப்பாக ஒரு உள்ளங்கால் மட்டும். அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா மட்டும் வந்தாள். வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கூப்பிட்டால் எழுந்து உட்காருவாள், தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள், பிறகு மறுபடியும் சுவர். இரண்டு மாதம் கழித்து அவளை ஆஸ்பத்திரியில் மறுபடியும் பார்த்த பெண் டாக்டர் மாத்திரை கொடுத்து, தனியாக விடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அன்றைக்கே அக்காவுக்கு போன் பண்ணினார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அப்பா ஆட்டோ ஓட்டினார். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு வீட்டில் ஆள் வரத்து தொடங்கும். பத்து மணி ஆனால் பக்கத்து வீட்டு பாயம்மா கையில் துணியோடு வந்துவிடுவார். அவர் தையல்காரர். எங்கள் தெருவின் பாதி ஜாக்கெட்டுகள் அவர் தைத்தவைதான்.

"கண்ணு மங்கலா தெரியுதும்மா. இந்த ஊசில கொஞ்சம் நூல் கோத்துக் குடேன்" என்பார் அம்மாவிடம்.

கோத்துக் கொடுத்ததும் போக மாட்டார். இந்தக் கொக்கியைத் தைத்துக் கொடு, இந்த ஓரத்தை மடித்துக் கொடு என்று ஒவ்வொன்றாக எடுப்பார். மத்தியானச் சோற்று நேரம் வரை அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண் தெரியாதவர் எப்படி எதிர் வீட்டு மாடியில் காயும் புடவையின் நிறத்தைப் பற்றிக் குறை சொல்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். நான் பார்க்கும் கார்ட்டூனுக்கும் அவர்தான் இடைஞ்சல். "சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கம்மி பண்ணு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இதற்கெல்லாம் மேல் அத்தையின் முட்டி வலி. வந்த மூன்றாம் நாளே அது ஆரம்பித்துவிட்டது.

"டாக்டரு தெனமும் காலைல நடக்கணும்னு சொல்லிட்டாரு. எனக்கு இந்த ஊர்ல தனியா நடக்க பயமா இருக்கு. நீ கூட வந்தாதான் போவேன்" என்று அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கீழ்பென்னாத்தூரிலிருந்து தனியாக வந்து மலையைச் சுற்றிவிட்டுத் தனியாகவே திரும்புகிறவள் அவள். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். அத்தை இன்னும் பலமாக முனகினாள். அரை மணி நேரம் இப்படிப் போன பிறகு, அந்தச் சத்தம் தாங்காமலோ என்னவோ, அம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்த சமயம். மலையடிவாரத்தில் சில இளைஞர்கள், போன மழைக்கு நட்ட மரக்கன்றுகளுக்கு வெயில் காலம் முழுவதும் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுமக்க ஆள் போதவில்லை என்று அப்பாவின் ஆட்டோவில் போன யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா அதை அத்தையிடம் சொல்லியிருக்கிறார். நடைப்பயிற்சி எப்படியோ அங்கே போய் முடிந்தது. தொப்பி போட்ட ஒரு அக்கா எங்களிடம் ஆளுக்கொரு கேன் கொடுத்தாள். கீழே தொட்டியில் பிடித்துக்கொண்டு கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் பாதையில் மேலே ஏற வேண்டும். முட்டி வலிக்காரி ஐந்து லிட்டர் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள்.

மேலே தொப்பி அக்கா ஐந்து கன்றுகளைக் காட்டினாள். இரண்டு புங்கன், இரண்டு வேம்பு, ஒரு இலுப்பை. "இது அஞ்சும் உங்க பொறுப்புக்கா. ஒரு நாள் விட்டாலும் வாடிடும்" என்றாள்.

அம்மா இரண்டடி பின்னால் போனாள். "எனக்கு வேணாம். வேற யாருக்காவது குடுங்க. என் கைல எதுவும் தங்காது."

அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க கைலயும் பாதிதான்க்கா தங்குது. அதான் ஆள் கூப்பிடறோம்."

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, இலுப்பைக் கன்றின் வேரடியில் கிடந்த சருகைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மெதுவாக ஊற்றினாள், மண் அரிக்காமல்.

மறுநாள் அத்தை முனக வேண்டியிருக்கவில்லை. அம்மாவே எழுந்துவிட்டாள். எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் சுவர்ப்பக்கம்தான் இருந்தாள். அந்த நாட்களில் அத்தை மட்டும் போய் ஐந்து கன்றுக்கும் ஊற்றிவிட்டு வந்து, கன்றுகள் அம்மாவை விசாரித்ததாகச் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வரும். அம்மா சிரிக்க மாட்டாள். ஆனால் மறுநாள் கிளம்பிவிடுவாள்.

நான் மலைக்கு என் அன்ரூல்டு நோட்டை எடுத்துப் போவேன். அவர்கள் தண்ணீர் ஊற்றும்போது பாறையில் உட்கார்ந்து படம் போடுவேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் மலையை ஒரு முக்கோணமாகத்தான் வரைவேன். உச்சியில் ஒரு தீபம், பக்கத்தில் சிரிக்கிற சூரியன். ஒரு நாள் அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"மலை இப்படியா இருக்கு?"

யாரும் கேட்காமல் அம்மா தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். பென்சிலை வாங்கினாள். ஒரே ஒரு கோடு. இடது பக்கம் மெல்ல ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, தோள் போலப் புடைத்து, உச்சிக்குப் போய், மறுபக்கம் சரிந்து இறங்கிய கோடு. நிமிர்ந்து பார்த்தேன். மலை அப்படியேதான் இருந்தது. பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்துக்கான தவளைப் படத்தையும் செம்பருத்திப் படத்தையும் பாதிப் பேருடைய நோட்டில் போட்டுக் கொடுத்தது தான்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

எனக்குப் பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. என் நோட்டு பறிபோனது. ஒரு பக்கத்தில் வடக்கிலிருந்து பார்த்த மலை, இன்னொன்றில் மேகம் உட்கார்ந்த மலை, இலுப்பையின் புதுத் துளிர், பாயம்மாவின் கைகள். எனக்கென்று கடைசி அட்டை மட்டும் மிஞ்சியது. அப்பாவிடம் புகார் சொன்னேன். அவர் அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாயங்காலம் மூன்று நோட்டும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் வாங்கி வந்தார். வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் இல்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அம்மா தன் கேனோடும் நோட்டோடும் முதலில் ஏறினாள். அத்தை தொட்டியில் வரிசையில் நின்றிருந்தாள். நான் வேண்டுமென்றே பின்னால் போகவில்லை. அம்மாவுக்கு என் நோட்டு மட்டும் வேண்டும், நான் வேண்டாம் அல்லவா, போகட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா எங்கடி?"

"தெரியாது."

"எவ்ளோ நேரமாச்சு?"

அத்தையின் இடுப்பிலிருந்த கேன் கீழே விழுந்து உருண்டது. புடவையை வரிந்து செருகிக்கொண்டு ஓடினாள். மலைப்பாதையில், கல்லுக்குக் கல் தாவி, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். கன்றுகள் இருந்த இடத்தில் ஐந்துக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தது. காலி கேன் ஓரமாக இருந்தது. அம்மா இல்லை.

அத்தை அங்கே நிற்கவில்லை. இன்னும் மேலே ஒரு சுனை உண்டு, ஆழமானது. நேராக அங்கே போனாள். விளிம்பில் மண்டியிட்டுத் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் ஓடி வந்ததில் அத்தைக்குத் தாகம் எடுத்துவிட்டது, ஆனால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணி?"

குரல் மேலிருந்து வந்தது. சுனைக்கு மேலே ஒரு பெரிய பாறையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. முகம் அழுது வீங்கியிருந்தது.

அத்தை எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஏதோ திட்ட வாயெடுத்தாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டி வலியோட ஏன் இப்படி ஓடி வந்தீங்க?" என்றாள் அம்மா.

"போயிடுச்சு" என்றாள் அத்தை மூச்சிரைத்துக்கொண்டு.

"இருந்தாதான போறதுக்கு? எனக்கு மொத நாளே தெரியும் அண்ணி."

அத்தை புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. கொஞ்சம் அழணும் போல இருந்துச்சு. வீட்ல அழுதா நீங்க பயப்படறீங்க, அவரு பயப்படறாரு, பாயம்மா ஊசிய எடுத்துகினு வந்துடறாங்க. அதான் இங்க வந்தேன். அவன நெனச்சு நல்லா அழுதேன். அப்புறம் நிமிந்து பாத்தா ஊரு மொத்தமும் தெரியுது. கோபுரத்த மேல இருந்து பாத்ததே இல்ல. அதான் போட்டுகினு இருந்தேன், நேரம் போனதே தெரியல."

இருவரும் தோளோடு தோள் சாய்ந்து மறுபடியும் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை அழுகையினூடே சிரித்தாள். நான் சற்றுத் தள்ளி நின்று, என்னை எப்போது அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. அம்மா கையை நீட்டி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கென்று ஒரு நோட்டு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பிறகு, "பசிக்குது அண்ணி" என்றாள்.

அத்தை சட்டென்று எழுந்து நின்றாள்.

இன்றைக்கு அந்த ஐந்தில் மூன்று மரங்கள் இருக்கின்றன. அம்மாவின் துக்கம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. தை மாதம் வந்தால் இப்போதும் ஒரு நாள் பேச மாட்டாள், அன்று நாங்கள் யாரும் அவளைப் பேசச் சொல்ல மாட்டோம். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடச் சொல்லித் தருகிறாள். முக்கோண மலைகளை அவள் அனுமதிப்பதில்லை. அத்தை எங்கள் வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதமும் அவர்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிற காலம். வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். ஆள் கிடைக்காமல் மாமா தனியாகத் திண்டாடியதை ஒரு கல்யாணத்தில் அவரே சொல்லித்தான் தெரியும். பாயம்மா தினமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கான தையலை விடிவதற்கு முன் எழுந்து முடித்திருக்கிறார். இடைஞ்சல் என்று நான் எரிச்சல்பட்டவர்கள் எல்லாம் முறை வைத்து என் அம்மாவை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று மலையிலிருந்து இறங்கி மூவரும் செங்கம் ரோட்டில் ஒரு இட்லிக் கடைக்குப் போனோம். அம்மா நான்கு இட்லி சாப்பிட்டாள். சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டாள். "இன்னும் ரெண்டு வெய்ங்க" என்று அத்தை கடைக்காரரிடம் சொன்னாள். அந்த வழியாக வந்த அப்பா எங்களைப் பார்த்து ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். அத்தை கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய் அவரிடம் ஏதோ சொன்னாள். "அஞ்சாவது இட்லி" என்று மட்டும் என் காதில் விழுந்தது.

அப்பா கடைக்குள் வரவில்லை. ஆட்டோவிலிருந்து துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் போனேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"போதும்பா, சுத்தமாயிடுச்சு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்குடா பாப்பா" என்றார் அப்பா, திரும்பாமல். நான் நுனிக்காலில் நின்று கண்ணாடி முழுவதும் தேடிப் பார்த்தேன். எனக்கு எங்கேயும் அழுக்கு தெரியவில்லை.